ஒன்றேகால் சுற்று

மூன்றாவது சனிக்கிழமையும் அப்படித்தான் ஆனது. இருபத்தைந்து மீட்டர் தூரத்தில் சுவர்ணா சுட்ட பத்துக் குண்டுகளும் இலக்குத் தாளில் பத்துப் பக்கம் சிதறியிருந்தன. நான்கு துளைகள் வட்டமாகவே இல்லை, நீளமாகக் கிழிந்திருந்தன. அந்த நான்கு குண்டுகளும் நேராகப் பறக்காமல் புரண்டுபோய்ப் பக்கவாட்டில் மோதியிருக்கின்றன.

அடுத்த வாரம் ஞாயிறு மாவட்ட அணிக்கான தேர்வு. ஆறு வருடமாக அதற்காகத்தான் அவள் காத்திருந்தாள்.

இந்த நாட்டில் கைத்துப்பாக்கிக்குத் தடை. அதனால் கிளப்பில் கைத்துப்பாக்கித் தோட்டாவைக் குட்டை ரைஃபிளில் போட்டுச் சுடுவார்கள். சுவர்ணா தன் தோட்டாக்களை இல்ஃபோர்ட் வீட்டின் பின்னறையில் ஒரு இரும்புப் பிரஸ் வைத்துத் தானே செய்துகொள்வாள். வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடி வில்லைகள் செய்யும் கூடத்தில். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் அவளுக்குத் தெரியும். இது மட்டும் தெரியவில்லை.

மூன்று வாரமாக அவள் உட்கார்ந்து சாப்பிடவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டே அறைக்கும் சமையலறைக்கும் நடந்தாள். வெடிமருந்து நிறுக்கும் தராசைச் சோதித்தாள், சரி. ரைஃபிளின் குறிகாட்டித் திருகாணிகளை இறுக்கிப் பார்த்தாள், சரி. குழலுக்குள் விளக்கடித்தபோது ஈயம் சாம்பல் கோடுகளாக ஒட்டியிருந்தது. தேய்த்துக் கழுவினாள். அடுத்த சனி மறுபடி ஒட்டியிருந்தது.

"என்ரை தோட்டா பத்தைப் போட்டுச் சுட்டுப் பாரும்," என்றார் பாலேந்திரா. ஃபாரஸ்ட் கேட்டில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். கிளப்பில் அவளைவிட்டால் அவர் ஒருவர்தான் தமிழர். ஈயக் குண்டுகளை இருவரும் ஒரே பெட்டியாக வாங்கிப் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள்.

அவருடைய பத்தும் அவளுடைய ரைஃபிளில் ஒரு சின்னத் தேசிக்காய் அளவுக்குள் விழுந்தன.

அப்படியானால் ரைஃபிளில் பிழையில்லை. கையிலும் இல்லை. தோட்டாவில்தான். வீட்டுக்கு வந்ததும் தன் தோட்டா ஒன்றைப் பிரித்துக் குண்டை அளந்தாள். இருக்கவேண்டியதைவிட மெலிந்திருந்தது. இன்னொன்று, அதுவும் மெலிவு. ஒப்பிட்டுப் பார்க்கப் புதுக் குண்டு ஒன்றும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் தோட்டாவாக்கி முடித்திருந்தாள். பாலேந்திரா பெட்டியில் நல்லதைத் தனக்கு வைத்துக்கொண்டு கழிவைத் தந்திருக்கிறார் என்ற எண்ணம் அப்போது வந்தது. வந்தது போகவில்லை.

புதன்கிழமை பின்னேரம் கிளப்பில் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டாள். மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பாலேந்திராவின் முகம் கறுத்தது. அவர் தமிழில் பதில் சொன்னார்.

"நான் பெட்டியைப் பார்த்துப் பிரிக்கேல்லை. அள்ளித்தான் தந்தனான்." கோப்பையை வைத்துவிட்டு வெளியே போனார்.

வீட்டில் கணவன் குலசேகரம் பஸ் ஷிப்ட் முடிந்து வந்து மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தான். அவள் கோட்டைக் கழற்றாமலே நடந்ததைச் சொன்னாள். அவன் கத்தியை நிறுத்தினான்.

"அந்த மனுசனை ஏன் பேசினனீர்?"

"வேறை ஆரைப் பேசுறது?"

அவன் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"போன மாசம் ஹீற்றர் திருத்த ஆள் வந்தவன். உம்மடை மேசையைத் தள்ளவேண்டி வந்தது. அந்த இரும்புப் பிரஸ் சரிஞ்சு விழுந்திட்டுது. அதிலை ஒரு துண்டு கழண்டு வந்தது. நான் திருப்பி முறுக்கி வச்சனான். இறுகுமட்டும் முறுக்கினனான்."

சுவர்ணா பின்னறைக்கு ஓடினாள். கழன்ற துண்டு, தோட்டாவின் பித்தளைக் கோதின் வாயை மடித்துக் குண்டை இறுக்கிப் பிடிக்க வைக்கும் அச்சு. ஆறு வருடத்துக்கு முன் ஒருமுறை சரிபார்த்துப் பூட்டி மைக்கோடு போட்டது. அதன்பிறகு தொடவேண்டிய தேவையே வரவில்லை. பழைய மைக்கோடு இருந்த இடத்திலிருந்து ஒன்றேகால் சுற்று கீழே இறங்கியிருந்தது. குண்டு மெலிந்து வரவில்லை. அச்சு நெரித்து மெலிய வைத்திருக்கிறது. பிரித்த குண்டுகளில் ஆழமான வளையத் தழும்பு இருந்ததை அவள் பார்த்துத்தான் இருந்தாள். எப்போதும் இருக்கும் தழும்புதானே என்று விட்டிருந்தாள்.

குலசேகரம் வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை. அந்த அறைக்குள் அவன் வருவதே இல்லை. அவள் வளர்ந்தது சுவிஸ் கிராமமொன்றில். ஞாயிற்றுக்கிழமை சுடப்போவது அங்கே பந்தடிக்கப் போவது மாதிரி. அவன் தொண்ணூற்றாறில் யாழ்ப்பாணத்துச் சண்டைக்குள்ளிருந்து தப்பி வந்தவன்.

"மூண்டு கிழமையா நான் அலையிறதைப் பார்த்துக்கொண்டு இருந்தனீங்கள்."

"முதல் நாள் பயத்திலை சொல்லேல்லை. பிறகு..." அவன் தரையைப் பார்த்தான். "பிறகு, சரிவராட்டில் சுடுறதை விட்டிடுவீர் எண்டு நினைச்சன்."

அன்று இருவரும் சாப்பிடவில்லை.

வியாழன் மதியம் ஃபாரஸ்ட் கேட்டுக்குப் போனாள். கடையில் ஆள் இருந்தது. பாலேந்திரா ஒரு கிழவிக்கு முருங்கைக்காய் நிறுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் அவள் பக்கம் திரும்பினார். அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"எல்லாருக்கும் முன்னாலை சொன்னனீர். இதையும் அங்கைதான் சொல்லவேணும்."

"ஓம் அண்ணை."

நெரிபட்ட குண்டுகள் இனி உதவா. அவரிடம் புதியது கேட்க வாய் வரவில்லை. ஒரு துப்பாக்கிக் கடையில் ஆயத்தத் தோட்டா ஒரு பெட்டி வாங்கினாள். ரைஃபிளுக்குப் பழக்கமில்லாத தோட்டா, பழகிப் பார்க்க நாளுமில்லை.

ஞாயிறு காலை, தேர்வு தொடங்குமுன் சுவர்ணா எழுந்து நின்று சொன்னாள். பிழை தன் பிரஸில் இருந்தது, பாலேந்திரா தந்த குண்டுகள் நல்லவை, தான் பேசியது அநியாயம். கடைசிவரை சொன்னாள். யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு எல்லோரும் காதுக் கவசங்களைப் போட்டுக்கொண்டார்கள்.

அணிக்கு மூன்று பேரை எடுத்தார்கள். அவள் நான்காவதாக வந்தாள்.

ரைஃபிளைப் பெட்டியில் வைக்கும்போது பாலேந்திரா பக்கத்தில் வந்து நின்றார்.

"அச்சு எவ்வளவு இறங்கியிருந்தது?"

"ஒண்டேகால் சுத்து."

"ஒண்டேகாலோ." அவர் நம்பமுடியாமல் தலையை ஆட்டினார். "கோதின்ரை வாய் வெடிக்கேல்லையோ?"

"ரெண்டு மூண்டு வெடிச்சிருந்தது. பழைய கோதுதானே எண்டு எறிஞ்சனான்."

"அதைப் பார்த்திருக்கவேணும்," என்றார் அவர். கார் வரைக்கும் அதைப் பற்றியே பேசிக்கொண்டு கூட நடந்தார்.

வீட்டில் குலசேகரம் கதவைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. சப்பாத்தைக் கழற்ற அவள் படியில் உட்கார்ந்தபோது அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்னாலைதான்."

"ஓம்," என்றாள். ஒரு சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, "நான் இதை விடவேணும் எண்டு இப்பவும் நினைக்கிறீங்களோ?"

அவன் யோசித்தான்.

"ஓம். ஆனா இனி உமக்குச் சொல்லிப்போட்டு நினைக்கிறன்."

சுவர்ணா மற்றச் சப்பாத்தையும் கழற்றினாள். பசித்தது. "என்ன சமைச்சனீங்கள்?" என்று கேட்டாள்.