மாங்காய், உளுந்து, காரம்

ராதிகா குரூப்பில் சேர்ந்து பதினோரு மாதம் ஆகியும் அவளுக்குப் பதில் போட ஒரு ஆள் இல்லை. பருத்திப்பட்டு ஏரியைப் பார்த்த அந்த அடுக்ககத்தில் நாற்பத்தெட்டு வீடுகள். நாற்பத்தெட்டும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில். லிஃப்ட் ஓடவில்லை என்று அவள் போட்டால் மூச்சு பேச்சு இருக்காது. அதையே அரை மணி கழித்து இரண்டாவது மாடி ரேஷ்மா போட்டால் இருபது பேர் கட்டைவிரலைத் தூக்குவார்கள். ராதிகா கரூரிலிருந்து வந்தவள். கம்பெனி வேலை, அதுவும் வீட்டிலிருந்தே. கணவன் காலை ஏழு மணி ரயிலுக்குப் போனால் திரும்ப இரவு ஒன்பதாகும். பகல் முழுக்க அவளுக்கு மனிதர்கள் என்று இருந்தது அந்தக் குரூப் ஒன்றுதான். அங்கேயும் தன்னை ஒரு பொருட்டாக மதிக்க ஆளில்லை என்றால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும்.

அவளுக்கு நல்ல காலம் துலுக்கானத்தின் வாயிலிருந்து பிறந்தது.

துலுக்கானம் அந்தக் கட்டடத்தின் தண்ணீர் ஆள். மோட்டார் போடுவது, லாரி வந்தால் தரைக்கடியில் இருக்கிற சம்ப் தொட்டியில் இறக்குவது, டேங்க் நிரம்பினால் நிறுத்துவது எல்லாம் அவர் பொறுப்பு. கட்டடம் நிற்கிற இடமே ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து நிலம். அதை அவரும் சொல்லிக்கொண்டதில்லை, குடியிருப்பவர்களும் கேட்டதில்லை. ஐம்பத்தெட்டு வயது. மனைவி மங்களத்தோடு பாரிவாக்கத்தில் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் குரூப்பில் முதலில் குரலாகவே பேசி அனுப்பிக்கொண்டிருந்தார். குடியிருப்போர் சங்கத் தலைவர் சம்பந்தம் ஓய்வுபெற்ற அதிகாரி. ஓய்வு கொடுத்தும் அதிகாரம் போகாத மனிதர். ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பவர்களால் கேட்க முடியாது, ஆகவே குரல் பதிவு கூடாது என்று விதி போட்டார். துலுக்கானத்துக்கு ரீசார்ஜ் கடைக்காரர் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். மைக் படத்தை அழுத்திப் பேசினால் போனே எழுதிவிடுமாம்.

எழுதத்தான் செய்தது. ஆனால் அந்தப் போனுக்குத் தெரிந்த தமிழ் வேறு, துலுக்கானத்தின் தமிழ் வேறு.

"மேடம், ஊட்டாண்ட கீறேன், வந்துகினே கீறேன்" என்று அவர் சொன்னது, 'மேடம் ஓட்டாண்டி கீரை வந்து கிணறு கீரை' என்று குரூப்பில் வந்து விழுந்தது. யாருக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ராதிகா அதை அவர் பேசுகிற வேகத்தில் இரண்டு தரம் முணுமுணுத்துப் பார்த்தாள். பளிச்சென்று பிடிபட்டது. பள்ளிக்கூடச் செய்யுளுக்கு எழுதுவதுபோல் கீழே எழுதினாள்: 'பொழிப்புரை: வீட்டருகே இருக்கிறேன், வந்துகொண்டே இருக்கிறேன்.'

குரூப் விழுந்து விழுந்து சிரித்தது. ஐந்தாவது மாடி ரோஹித் அவளுக்கு 'உரையாசிரியர்' என்று பட்டம் சூட்டினான். அன்று மாலை லிஃப்டில் ரேஷ்மா அவள் தோளைத் தட்டி, "செம்ம காமெடி நீங்க" என்றாள். ராதிகா அன்றைக்குச் சாப்பிட்ட சாப்பாடே தனி ருசியாக இருந்தது.

அதன் பிறகு விட்டுவிடுவாளா? துலுக்கானத்தின் படத்தை வெட்டி, கீழே 'கிணறு கீரை' என்று போட்டு ஸ்டிக்கர் செய்தாள். யாராவது தாமதமாக வந்தால் அந்த ஸ்டிக்கர், கரண்ட் போனால் அந்த ஸ்டிக்கர். துலுக்கானம் தன் முகத்தைப் பார்த்தார், எழுத்து புரியவில்லை. "பெரிய பெரிய ஆபீசருங்கல்லாம் நம்ம படத்த வச்சிகினு கீறாங்க" என்று மங்களத்திடம் காட்டிப் பெருமைப்பட்டதாக ராதிகாவிடமே வந்து சொன்னார். அவள் அதையும் குரூப்பில் போட்டாள். ஆட்கள் வேலையில்லாமல் அவரை வம்புக்கு இழுத்தார்கள். தண்ணீர் வருகிறதா, மழை வருமா என்று கேட்டுவிட்டு, அவர் மைக்கை அழுத்துவதற்காகக் காத்திருந்தார்கள்.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டேகாலுக்கு, அவரிடமிருந்து யாரும் கேட்காமலே ஒரு செய்தி வந்தது:

'மங்களம் மாங்காய் உளுந்துடா காரம் இருந்தா ஒன்று வாங்க.'

ரோஹித் முதலில் வந்தான். 'அண்ணாத்தே, மளிகைக் கடை குரூப் அடுத்த தெருவுல கீது.' பின்னாலேயே ஸ்டிக்கர்கள் வரிசை கட்டின. 'உளுந்துடாவா? மரியாதை, மரியாதை' என்று ஒருவர். 'உரையாசிரியர் எங்கே, பொழிப்புரை எங்கே?' என்று ரேஷ்மா கேட்டாள்.

ராதிகா வழக்கம்போல உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். மங்களம் மாங்காய் உளுந்துடா. மங்களம் மயங்கி உயுந்துட்டா. காரு இருந்தா ஒர்த்தர் வாங்க.

இதை மழுப்பிச் சொல்வதில் பிரயோஜனமில்லை. அவளுக்குப் புரிந்தது. பார்க்கிங்கில் அவளுடைய கார் நின்றது. பாரிவாக்கத்துக்கு ஐந்தாறு நிமிடம். உண்மையை எழுதினால் போதும், சிரிப்பு அப்படியே நின்றுவிடும். சிரித்த முப்பது பேரும் இவளால்தான் தலைகுனிந்தோம் என்று நினைப்பார்கள். ஒருவேளை மனிதர் நிஜமாகவே மளிகைச் சாமான்தான் சொல்லியிருந்தால்? மங்களம் என்று ஏதோ மசாலாப் பொடிகூட இருக்கிறதே. அந்தப் பொடியை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ரேஷ்மா மறுபடி கேட்டாள்: 'உரை?'

ராதிகா எழுதினாள்: 'பொழிப்புரை: ஊறுகாய் சீசன் தொடங்கிவிட்டது.'

அவள் அதுவரை போட்ட எதற்கும் அத்தனை சிரிப்பு வந்ததில்லை. பத்து நிமிடம் கழித்து கார் சாவியை எடுத்துக்கொண்டு லிஃப்ட் வரைக்கும் போனாள். இந்நேரம் ஆட்டோ பிடித்திருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, திரும்பி வந்து மூன்று மணி மீட்டிங்கில் உட்கார்ந்தாள்.

நடந்தது சாயங்காலம் தெரிந்தது. அக்கம்பக்கத்தில் எல்லா வீடும் வேலைக்குப் போய்ப் பூட்டிக் கிடக்க, துலுக்கானம் சம்பந்தத்துக்கு இரண்டு முறை போன் செய்திருக்கிறார். சம்பந்தம் மதியத் தூக்கத்தில் இருந்தார். குரூப்பில் சொன்னால் நாற்பத்தெட்டு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் கேட்கும் என்று துலுக்கானம் நம்பியிருந்தார். அந்த அவசரத்திலும் சங்கத்தின் விதியை மீறி அவர் குரலாக அனுப்பவில்லை. யாராவது வருவார்கள் என்று முக்கால் மணி நேரம் வாசலைப் பார்த்திருந்துவிட்டு, கடைசியில் ஒரு மீன் வண்டியை மறித்து ஏற்றியிருக்கிறார். ஆவடி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே மங்களத்தின் உயிர் போய்விட்டது.

சம்பந்தம் இரங்கல் செய்தி போட்டார். எல்லோரும் கைகூப்பினார்கள். கூப்பிய கையோடு அவரவர் மதியம் போட்டதைத் தேடித் தேடி அழித்தார்கள். ராதிகாவும் தன்னுடையதை அழித்தாள். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று முப்பது வரிகளுக்கு மேல் வரிசையாக நின்றது. அவற்றின் தலைமாட்டில் துலுக்கானத்தின் மாங்காயும் உளுந்தும் மட்டும் அழியாமல் இருந்தன.

காரியம் முடிந்து இருபது நாள் கழித்து அவர் ராதிகாவின் கதவைத் தட்டினார். உள்ளே கூப்பிட்டதற்கு வரவில்லை. வாசலிலேயே நின்று போனை நீட்டினார்.

"மேடம், அன்னிக்கு நா அனுப்னது இதுல இன்னா எழுதிகீதுனு பட்ச்சி சொல்றீங்களா? ஒர்த்தரும் வர்ல. நாப்பத்தெட்டு ஊடு. நா எதுனா தப்பா பேசிட்டனானு ரோசனையாவே கீது."

சரியான வாசகம் ராதிகாவுக்கு மனப்பாடமாகத் தெரியும். இத்தனை நாளாகத் தூக்கத்தில்கூட அதுதான் ஓடியது. அதைச் சொன்னால், தெளிவாகக் கேட்டும் யாரும் வரவில்லை என்றாகிவிடும்.

"என்ன எழுதியிருக்கோ அப்படியே படிக்கட்டுமா அண்ணே?"

"அப்டியே படிங்கமா."

அவள் ஒரு எழுத்துகூட மாற்றாமல் படித்தாள். துலுக்கானம் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தாள்.

"மாங்காயா" என்றார். போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "உங்களுக்கு என் பேச்சு நல்லா புரியுமே மேடம். உங்களுக்குமா புரியல?"

"புரியலண்ணே" என்றாள் ராதிகா. "புரிஞ்சிருந்தா கார எடுத்துட்டு ஓடி வந்திருக்க மாட்டேனா?"

"அதான பாத்தேன். நல்ல மன்சங்களாச்சே, எப்டி வராம இருப்பாங்கன்னு." அவர் வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்போ உங்க மேல ஒண்ணும் இல்ல. என் நாக்குதான் அவள கொன்னுட்ச்சி."

துலுக்கானம் போனை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"அத எப்டி சொல்லணும் மேடம்? போனுக்குப் புரியற மாரி?"

"மயங்கி விழுந்துட்டா."

"மயங்கி வியுந்துட்டா."

"விழுந்துட்டா. நாக்க மடிக்கணும்."

மூன்றாம் தடவை அவருக்குக் கிட்டத்தட்ட வந்தது. மைக்கை அழுத்தி, வாயருகே வைத்து, ஒவ்வொரு எழுத்தாக அழுத்திச் சொல்லிவிட்டு, சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அவளிடம் காட்டினார். மங்களம் மயங்கி விழுந்துட்டா, கார் இருந்தா ஒருத்தர் வாங்க. ஒரு பிழையும் இல்லை.

"சரியா வந்திருக்குண்ணே" என்றாள்.

அவர் தலையாட்டினார். கீழே தண்ணீர் லாரி ஹாரன் அடிக்கவும் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.