லியோனார்ட் சார் வந்தால் திறக்கும்

ராயபுரத்தின் அந்தச் சந்தில் தாய்மாமனை விட்டுவிட்டுப் பெண் பார்க்கப் போனவர்கள் உண்டு. லியோனார்ட் சாரை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் வாங்கப் போனவர்கள் ஒரு காலத்தில் கிடையாது. சார் துறைமுகத்தின் கணினிப் பிரிவில் வேலை பார்த்து ரிடையரானவர். செருப்பை வெளியே கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் நுழைந்த தலைமுறை. கருவறைக்கு உண்டான பவ்யமெல்லாம் அந்த அறைக்கும் உண்டு. அதில் பாதியை அவர் ரிடையரான அன்று கழுத்தில் விழுந்த மாலையோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

ஆனால் சில வருஷமாக யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை. போனிலேயே பார்த்து, போனிலேயே வாங்கி, பெட்டி வந்து இறங்கிய பிறகு, "லேப்டாப் வாங்கிகினோம் சார்" என்று போகிற போக்கில் சேதி மட்டும் சொன்னார்கள். சந்தில் அவர் மெல்ல மெல்ல, 'சார்' கழன்றுபோன வெறும் லியோனார்ட் ஆகிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் எதிர்வீட்டு ஷரீஃபுன்னிசா வாசலில் வந்து நின்றாள். மகள் ஜஸீமாவுக்குச் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. வீட்டிலிருந்தே பார்க்கலாம். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் லேப்டாப்பில் வேலைக்கு வந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் தயார்.

"நீங்க ஒரு வாட்டி பாத்து சரின்னு சொன்னாதாண்ணே எனுக்கு மனசு ஆறும்."

"நான் எல்லாம் பாத்து வெச்சிட்டேன்மா" என்று ஜஸீமா முணுமுணுத்தாள்.

"நீ சும்மாரு. உனுக்கு லேப்டாப்போட கலருதான் தெரியும். அண்ணனுக்கு அதோட கொடலே தெரியும்."

சார் அயர்ன் பண்ணிய சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கடையில் அவருடைய முதல் கேள்விக்கே விற்பனையாளர் திருதிருவென்று விழித்தார்.

"சீடி எங்க போடறது?"

"சீடியெல்லாம் இல்ல சார்."

"அப்ப மெஷின் படுத்துட்டா?"

"படுக்காது சார்."

"எல்லாம் படுக்கும் நைனா. டி டிரைவ் எங்க? சி போனா டி நிக்கும். அதான் கணக்கு."

"ஒரே டிரைவ்தான் சார்."

சார் லேப்டாப்பின் மேல் காதை வைத்துக் கேட்டார். ஹார்டு டிஸ்க் சுற்றுகிற சத்தத்தை வைத்தே மெஷினின் ஆயுளைச் சொல்வது அவருடைய பெருமைகளில் ஒன்று. ஒரு சத்தமும் இல்லை. இன்னொன்றை எடுக்கச் சொன்னார். அதுவும் ஊமை. மூன்றாவதும் அப்படியே. கடையில் இருப்பதெல்லாம் செத்த மெஷின் என்றால் இத்தனை கூட்டம் எதற்கு நிற்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

"இது ஏஐ லேப்டாப் சார்" என்றார் விற்பனையாளர், பிடி கிடைத்தவர்போல.

"ஏஐ இன்னா பண்ணும்?"

"எல்லாமே பண்ணும் சார்."

"எல்லாம்னா?"

விற்பனையாளர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெட்டியிலும் 'ஏஐ' என்றுதான் போட்டிருந்ததே தவிர, வேறு விவரம் இல்லை. கேட்டவர், சொன்னவர் இருவரும் சமமாகக் குழம்பி நின்ற அந்த இடைவெளியில், ஜஸீமா, எப்படிப்பட்ட லேப்டாப் வேண்டும் என்று கம்பெனி அனுப்பியிருந்த மெசேஜைப் போனில் எடுத்து, பெட்டியின் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்த்து, "இதுதாம்மா" என்றாள். ஷரீஃபுன்னிசா சாரின் முகத்தைப் பார்த்தாள். சார் நெடுநேரம் யோசித்து எடுத்த முடிவுபோலத் தலையை ஆட்டிவைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஷரீஃபுன்னிசா, "அண்ணனே மொதல்ல தொறக்கட்டும்" என்றாள். அந்தச் சந்தில் எந்தக் கம்ப்யூட்டரையும் முதலில் போடுவது சாரின் கைதான். ஜஸீமாவுக்கு அதில் விருப்பமில்லை. ஆனால் அம்மா அதற்குள் ஆட்டுக்கால் பாயா கொதிக்கவைத்து, மரியாதையை ஆரம்பித்துவிட்டாள்.

"பாஸ்வேர்டு போடறப்ப பக்கத்துல யாரும் நிக்கக் கூடாது" என்று சார் எல்லோரையும் வெளியே அனுப்பினார்.

"அது என் லேப்டாப் அங்கிள்."

"யாரோடதா இருந்தாலும் ரூல் ரூல்தாம்மா."

தனியாக உட்கார்ந்து பார்த்தபோதுதான் நிலைமை புரிந்தது. அதாவது, ஒன்றும் புரியவில்லை என்பது புரிந்தது. வந்த திரைகள் எதையும் அவர் முன்னே பின்னே பார்த்ததில்லை. மெயில் கேட்டது, தம்முடையதைக் கொடுத்து, அதற்கும் புதிதாக ஒரு பாஸ்வேர்டு போட்டார். திடீரென்று திரையில் அவர் முகமே வந்தது. கேமராவைச் சோதிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து, பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்வதுபோல் விறைப்பாக உட்கார்ந்தார். பிறகு ரகசிய எண் கேட்டது. வெறும் எண் போடுவது பாமரர் வேலை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், ஆச்சரியக்குறி எல்லாம் கலந்து ஒன்றைப் போட்டார். இரண்டையும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைக்கக் கூடாது என்பதும் அவர் ரூல்தான்.

ஜஸீமா உள்ளே வந்தபோது லேப்டாப்பை மூடி, சார்ஜில் சொருகி, மேலே டர்க்கி டவலைப் போர்த்தியிருந்தார்.

"புது பேட்டரி. திங்கக்கெழம வரைக்கும் தொடாத. மொத சார்ஜ்ல கை வெச்சா ஆயுசு போச்சு. இந்தத் துணியையும் எடுக்காத. ஹார்பர்லேர்ந்து நிலக்கரித் தூசு இங்க காத்தோட வர்றது உனுக்குத் தெரியாது."

"இப்பல்லாம் அப்டி இல்ல அங்கிள்."

"ஜஸீமா!" என்றாள் ஷரீஃபுன்னிசா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மகள் தொட்டுவிடுவாளோ என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் டவலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள்.

திங்கட்கிழமை காலை ஜஸீமா டவலை எடுத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். அது அவளை உற்றுப் பார்த்தது. உங்களை அடையாளம் தெரியவில்லை என்றது. ரகசிய எண்ணைப் போடுங்கள் என்றது.

அவள் துப்பட்டாவை அள்ளிப்போட்டுக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினாள். "அங்கிள், நம்பர் இன்னா? சீக்கிரம், டைம் ஆவுது!"

"அது வந்து... போர்ட்ல என் ஸ்டாஃப் நம்பர். அதுக்கு முன்னாடி பெரிய எழுத்துல... பின்னாடியா?"

"எழுதி வெக்கலயா?"

"எழுதலாமாம்மா?" என்றார் அதிர்ச்சியோடு.

சார் வந்து உட்கார்ந்தார். ஒன்றைப் போட்டார், தவறு. ஆச்சரியக்குறியை இடம் மாற்றினார், அதுவும் தவறு. ஜஸீமாவின் கண்ணில் நீர் கட்டிவிட்டது. போனில் கம்பெனிக்காரர், எங்கே இருக்கிறாய் என்று கேட்டு மெசேஜ் போட்டார். "மவளுக்குக் கெடச்ச வேலண்ணே" என்று ஷரீஃபுன்னிசா முதன்முறையாகக் குரலை உயர்த்தினாள். பதற்றத்தில் சாரின் கை பட்டு மூடி கவிழ்ந்தது. அவரே திறந்து, ஏதாவது எழுதியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். திரை சட்டென்று திறந்துகொண்டது.

"நான் ஒண்ணுமே பண்ணலியே" என்றார் சார்.

"உங்க மூஞ்சிய வெச்சிகினுகீது அங்கிள்!" ஜஸீமா அழுகையும் சிரிப்புமாக அவரைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். ஒன்பதடிக்க நூலளவு இருக்கும்போது வேலைக்குள் நுழைந்துவிட்டாள்.

அன்று ராத்திரி, கம்ப்யூட்டர் தெரிந்த பெரியம்மா மகன் ஜீஷானைப் போனில் பிடித்துக் கேட்டாள். முகத்தை மாற்றவும் அந்த எண்தான் வேண்டும், மெயிலும் அவருடையது, அதன் பாஸ்வேர்டும் அவருக்கு நினைவில்லை என்றால், எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டும் என்றான். ஆனால் கம்பெனியின் சாஃப்ட்வேர் சாமான்கள் எல்லாம் அதற்குள் உள்ளே ஏறிவிட்டன. லீவு நாளில்தான் கைவைக்க முடியும். அதுவரைக்கும் அவரை ஊருக்கு எங்கும் அனுப்பிவிடாதே என்றும் சொன்னான்.

அந்த வாரம் முழுக்கச் சார் காலையில் எதிர்வீட்டுக்குப் போய் முகத்தைக் காட்டினார். ஜஸீமா தொழுகைக்கு எழுந்து போனால் லேப்டாப் தூங்கிவிடும். ஷரீஃபுன்னிசா ஜன்னலிலிருந்து, "அண்ணே, ஒரு வாட்டி வந்துட்டுப் போங்க" என்பாள். சார் போவார். தான் போட்ட ரூல்களில் எதற்குக் கட்டுப்பட்டு இந்த மெஷின் திறக்கிறது என்று அவருக்கு மட்டும் பிடிபடவே இல்லை. முகத்தில்தான் ஏதோ இருக்கிறது என்று, கண்ணாடி முன்னால் நின்று தேடிப் பார்த்தார். பழைய முகமாகத்தான் தெரிந்தது.

சந்துக்கு இந்த விவரமெல்லாம் தேவைப்படவில்லை. லியோனார்ட் சார் வந்தால்தான் லேப்டாப் திறக்கிறது என்ற சேதி மட்டும் போதுமானதாக இருந்தது. வியாழக்கிழமை, கண்டெய்னர் லாரி ஓட்டும் மண்ணாங்கட்டி அவர் வீட்டுக்கு வந்தார்.

"சார், நம்ம பொண்ணு செங்கொடிக்கு லேப்டாப் எடுக்கணும். இன்னிக்கு நீ கூட வரணும்."

சார் தொண்டையைச் செருமினார். "இப்ப வர்ற மெஷின்ல முக்கியமா இன்னா பாக்கணும்னா..."

"அத்தெல்லாம் வோணாம் சார். பொண்ணே பாத்து வெச்சிட்சி. நீ ஒண்ணும் பேசாத. வந்து மூஞ்சிய மட்டும் காட்டு. உன் மூஞ்சிக்குத்தான் தொறக்குதாமே?"

இது மரியாதையா, அவமானமா என்று சாருக்குத் தெரியவில்லை. விளக்கம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். என்ன விளக்கம் என்று அவருக்கே தெரியாததால் மூடிக்கொண்டார். மண்ணாங்கட்டி பதிலுக்காகக் கைகட்டி நின்றார். இந்தச் சந்தில் ஒரு ஆள் அவர் முன்னால் கைகட்டி நின்று எத்தனை காலமாயிற்று.

"சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதான் வர முடியும்" என்றார் லியோனார்ட் சார். "அதுவரைக்கும் எதிர் வூட்ல டூட்டி."