நண்டுப்பாருக்கு ஓர் ஆட்சேபம்

விஜயகுமார் முதல் தடவை வெள்ளோடைக்குப்பத்துக்கு வந்தபோது இரண்டு அட்டைப்பெட்டி நிறைய பிஸ்கட் கொண்டுவந்தான். பழவேற்காட்டில் படகேறி ஏரியைக் கடந்து, மணலில் ஷூவோடு நடந்து, கங்கையம்மன் கோயில் முன்னால் கூடியிருந்த ஊரைப் பார்த்துக் கும்பிட்டான். திருநின்றவூர்க்காரன். கடலுக்கடியில் இன்டர்நெட் கேபிள் போடுகிற ஒரு கம்பெனிக்கு அரசாங்க அனுமதி வாங்கித் தருவது அவன் வேலை. டெல்லியில் வாங்க வேண்டியதை வாங்கியாகிவிட்டது, சென்னையிலும் முடிந்துவிட்டது, மீனவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று அதிகாரி கேட்டு எழுதிக்கொண்டால் திருவள்ளூரிலும் கையெழுத்தாகிவிடும் என்றான். சிங்கப்பூரிலிருந்து வருகிற கம்பி. கரையேறுகிற இடத்தில் மணலைத் தோண்டிப் புதைத்துவிடுவார்கள். கண்ணுக்கே தெரியாது. ஒன்றே ஒன்று, அந்தப் பாதைக்கு இரண்டு பக்கமும் நங்கூரம் போடக் கூடாது. கல் கட்டி அடியில் இறக்குகிற வலையும் கூடாது.

ஊர் கேட்டுக்கொண்டது. தலைவர் அரசப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் வாயைத் திறக்கவில்லை. பிஸ்கட்டை யாரும் தொடவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு விஜயகுமார் மறுபடியும் கும்பிட்டுக் கிளம்பினான். ரொம்ப அமைதியான ஜனங்கள், மற்ற இடங்களில் பேசவே விடமாட்டார்கள் என்று படகோட்டியிடம் சொல்லிக்கொண்டே போனானாம். படகோட்டி வந்து அதைச் சொன்னதும் ஊரே சிரித்தது.

முடியாது என்பதை அந்த ஊர் அப்படித்தான் சொல்லும். பக்கத்துக் குப்பத்துக்காரன் இவர்கள் கடலில் வலை விடக் கேட்டு வருவான். வியாபாரி, இறால் மொத்தத்தையும் தனக்கே போடச் சொல்லி வருவான். முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னால் வந்தவனுக்கு அவமானம். கரையில் பட்ட அவமானம் கடலில் வெட்டுக்குத்தாகிவிடும். அதனால் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவன் கொண்டுவந்த வெற்றிலையைத் தொடமாட்டார்கள். வந்தவன் புரிந்துகொண்டு போய்விடுவான். நடுவில் எவனாவது வாயைத் திறந்துவிட்டால், அவன் கூடாது என்றே சொல்லியிருந்தாலும், பேரத்துக்கு வந்துவிட்டான் என்றுதான் அர்த்தம். அப்படித் திறந்தவனை ஊர் மன்னித்ததில்லை.

நண்டு பிடிக்கிற முனிகிருஷ்ணனும் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான். ஆனால் கண் விஜயகுமாரின் கை போன திசையிலேயே இருந்தது. விஜயகுமார் கையால் காட்டிய பாதை நண்டுப்பாரின் தெற்கு விளிம்பை ஒட்டிப் போகிறது. கரைக்குக் கிட்டத்திலேயே, கடலடியில் கல்லும் சிப்பியுமாக மேடிட்டுக் கிடக்கும் இடம் அது. கல் முடிந்து மணல் தொடங்குகிற அந்த விளிம்பில்தான் நண்டு ஏறும்.

நண்டுப்பார் அவனுடைய சொத்து இல்லை. ஊர் கொடுத்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டுகிற மில்லில் அவன் சில வருஷம் வேலை செய்தான். ஒரு நாள் உருளையிலிருந்து சிவக்கச் சிவக்க ஓடிவந்த கம்பி தடம் மாறி எகிறி அவன் வலது கையைச் சுற்றிக்கொண்டது. விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவில்லை. மில்லில் விசாரணை வைத்தார்கள். மேனேஜர் கேட்டதற்கெல்லாம் முனிகிருஷ்ணன் பேசாமல் நின்றான். நீ சொல்வதை நான் ஒத்துக்கொள்ளவில்லை என்று தன் ஊர் வழக்கப்படி நின்றான். தொழிலாளி தன் கவனக்குறைவை மறுக்கவில்லை என்று எழுதி, மில் கேட்டுக்கு வெளியே விட்டார்கள்.

கை போனவனால் பெரிய வலை இழுக்க முடியாது. மோட்டார் படகில் சேர்த்துக்கொள்ள ஆள் இல்லை. அப்போது ஊர் கூடி, இனி நண்டுப்பாரில் வேறு யாரும் வலை விடுவதில்லை, முனிகிருஷ்ணன் மட்டும் கட்டுமரத்தில் போய் நண்டு வலை விட்டுக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டது. சொன்னது அரசப்பன். முனிகிருஷ்ணன் மனைவி பச்சையம்மாவுக்கு அவர் தாய்மாமன். சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் வீட்டுக்கு வீடு ஃபைபர் படகு கொடுத்தபோதும் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. வலையில் ஒன்றும் விழாத நாட்களிலும் போகவில்லை.

சுனாமி முடிந்து மூன்றாவது வருஷம், பொன்னேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கேபிளுக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் என்று நோட்டீஸ் வந்தது. ஊர் மொத்தமும் போகும், ஊர் மொத்தமும் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வரும் என்று அரசப்பன் சொன்னார். எல்லோருக்கும் அது சரியென்று பட்டது.

முனிகிருஷ்ணன் நண்டு போடுகிற வியாபாரி பழவேற்காட்டு கிஃபாயத்துல்லா. அவரிடம் போய் விவரம் கேட்டான். பாய் நண்டின் கொடுக்கைக் கட்டிக்கொண்டே சொன்னார்.

"உங்க ஊர்ல வாய மூடினா மாட்டேன்னு அர்த்தம். ஆபீசுல வாய மூடினா சரின்னு அர்த்தம். மில்லுல கையக் குடுத்தவன் நீ, உனக்கு இது நான் சொல்லணுமா?"

நீங்களாவது வந்து எங்கள் தலைவரிடம் சொல்லுங்கள் என்று முனிகிருஷ்ணன் கேட்டான். உங்கள் ஊர் விவகாரத்தில் தலையிட்டால் நாளைக்கு எனக்கு யாரும் சரக்குப் போடமாட்டான், என்னை விட்டுவிடு என்று பாய் கையைக் கழுவப் போய்விட்டார்.

அரசப்பனிடம் அவனே போனான். படகு மோட்டாருக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். மில்லில் நடந்ததைச் சொன்னான். பேசாமல் இருந்ததை அவர்கள் எப்படி எழுதிக்கொண்டார்கள் என்று சொன்னான். அவர் புனலை எடுத்து உதறினார்.

"மில்லுல நீ ஒத்த ஆளு. அங்க ஊரே உக்காரப் போவுது. இத்தினி பேரு வாய மூடிக்கினு மூஞ்சியப் பாத்தா எந்த ஆபீசருக்கும் வயித்தக் கலக்கும்டா."

"எழுதிக்குவாங்க மாமா."

"இன்னாத்த எழுதுவான்? பேசினாத்தான எழுதுவான்?" அவர் டப்பாவை மூடினார். "எவனாவது வாயத் தொறந்தான்னா அப்பறம் ஊட்டுல இருக்கறவங்களும் சேந்துதான் அனுபவிக்கணும். எங்க அக்கா பொண்ணுன்னு பாக்கமாட்டேன்."

பச்சையம்மாவும் அதையேதான் வேறு மாதிரிச் சொன்னாள். பார் போனால் ஏரியில் இறங்கித் தடவியாவது எதையாவது பொறுக்கித் தின்னலாம், ஊர் போனால் செத்தால் தூக்க ஆள் வராது என்றாள். முனிகிருஷ்ணன் தன் வலது கையைப் பார்த்தான். ஏரியில் தடவி இறால் பிடிக்கவும் விரல் மடங்க வேண்டும். அது அவளுக்கும் தெரியும்.

பொன்னேரி மண்டபத்தில் முந்தின நாள் கல்யாணம் நடந்திருந்தது. மேடைக்குப் பின்னால் மணமக்கள் பெயர் தெர்மக்கோலில் ஒட்டியபடியே இருந்தது. அதற்குக் கீழே அதிகாரி உட்கார்ந்திருந்தார். கம்பெனி இன்ஜினியர் திரையில் படம் காட்டினார். படத்தில் கடல் நீலமாகவும் கேபிள் சிவப்பாகவும் இருந்தது. குப்பம் எங்கேயும் இல்லை. பின்பக்கம் பிரியாணிப் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வாசனை வந்தது. ஊர்க்காரர்கள் மூக்கை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

பயப்படாமல் சொல்லலாம், யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று அதிகாரி கேட்டார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. மறுபடியும் கேட்டார். முன்வரிசையில் அரசப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடையோரம் மேசை போட்டிருந்த குமாஸ்தா எழுத ஆரம்பித்தான். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, அவன் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போனான். முனிகிருஷ்ணன் அதைப் பார்த்தான். மில்லில் மேனேஜரும் இப்படித்தான் தலை நிமிராமல் எழுதினான். முனிகிருஷ்ணன் எழுந்தான். பக்கத்திலிருந்தவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். இழுத்த வேகத்தில் தையல் விட்டது.

"கூடாது சார். நண்டுப்பாரு பக்கம் கம்பி வரக்கூடாது. அது போச்சின்னா எனக்குப் பொழப்பு இல்ல."

அதிகாரி பெயர் கேட்டார், அப்பா பெயர் கேட்டார், ஊரும் தொழிலும் கேட்டார். அவருக்கே நிம்மதியானதுபோல் இருந்தது. நஷ்டஈடு கேட்கிறீர்களா, கேபிளே வேண்டாம் என்கிறீர்களா என்று பொறுமையாகக் கேட்டார்.

"வேணாங்கறேன் சார்."

"வேற யாருக்கு ஆட்சேபம்?"

முனிகிருஷ்ணன் திரும்பித் தன் ஊரைப் பார்த்தான். ஒரு முகம்கூட நிமிரவில்லை. அரசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். ஊர் அவர் பின்னால் போனது. பிரியாணியை யாரும் தொடவில்லை. ஒருவர் மட்டும் ஆட்சேபம் தெரிவித்தார், அவர் வாழ்வாதாரத்துக்குக் கம்பெனி ஏற்பாடு செய்ய வேண்டும், மற்ற அனைவரும் திட்டத்தைக் கேட்டறிந்து ஆட்சேபமின்றிக் கலைந்து சென்றனர் என்று குமாஸ்தா வாசித்தான். காலி நாற்காலிகளுக்கு நடுவில் முனிகிருஷ்ணன் மட்டும் நின்று அதைக் கேட்டான். விஜயகுமார் வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். வலது கையை. பிடித்த பிறகுதான் கவனித்தான்போல, சட்டென்று விட்டுவிட்டான்.

மழைக்காலம் முடிந்ததும் அனுமதி வந்துவிட்டது. கலெக்டர் ஆபீஸ் உத்தரவின் நகலை பஞ்சாயத்து போர்டில் ஒட்டினார்கள். எல்லோரும் வாயை மூடியிருந்தால், ஊருக்கு ஆட்சேபமில்லை என்று எப்படி எழுதியிருக்க முடியும் என்று ஊர் கேட்டது. ஒருவன் பேரத்துக்குப் போய்விட்டான், அதைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களையும் சேர்த்து எழுதிவிட்டார்கள். ஊர் கணக்கில் அது பிசகே இல்லாத நியாயம். கங்கையம்மன் கோயில் முன்னால் முனிகிருஷ்ணனை நிறுத்தினார்கள். குமாஸ்தா முன்னாலேயே எழுத ஆரம்பித்துவிட்டான், நான் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னான். யார் பார்த்தது என்றார்கள். உத்தரவில் இருக்கிறதே, வாழ்வாதார ஏற்பாடு, யாருக்கு என்றார்கள்.

அரசப்பன் கடைசியில் ஒன்றுதான் சொன்னார்.

"ஊரு கதவ சாத்திக்கினு உக்காந்திருந்துச்சு. உள்ளருந்து தொறந்து வுட்டது நீ."

அதோடு அவன் வீட்டோடு பேச்சு நின்றது. பச்சையம்மா தண்ணீர்க் குழாய்க்குப் போனால் மற்ற பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளி நிற்பார்கள். நண்டுப்பாரை ஊர் திரும்ப எடுத்துக்கொண்டது. இத்தனை வருஷம் ஒருவன் மட்டும் தொட்ட இடம். ஃபைபர் படகுகள் வரிசையாகப் போய் வலை விட்டன. சினை நண்டையும் விடாமல் வழித்து எடுத்தார்கள். கிஃபாயத்துல்லா கடையில் அந்த வாரம் நண்டு வைக்க இடமில்லை. எப்படியும் கம்பி வரப்போகிறது, அதற்குள் எடுத்தவரைக்கும் லாபம் என்றார்கள்.

விஜயகுமார் இந்தத் தடவை கோயிலுக்குப் போகவில்லை. விசாரித்துக்கொண்டு நேராக முனிகிருஷ்ணன் வீட்டுக்கு வந்தான். கேபிள் கப்பல் வருகிறது, பாதையில் வலை, படகு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளக் காவல் படகு வேண்டும், கப்பல் போன பிறகும் வேலை நிரந்தரம் என்றான்.

"எங்களுக்கு வேற யார் பேரும் தெரியாதுண்ணே. உங்க ஊர்ல ரிக்கார்டுல இருக்கற ஒரே பேரு உங்களுதுதான்."

முனிகிருஷ்ணன் அவனை வெறித்துப் பார்த்தான். நான் வேண்டாம் என்றல்லவா சொன்னேன் என்றான். அதனால்தான் உங்களுக்கு முன்னுரிமை என்றான் விஜயகுமார். அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. அவன் கையிலிருந்த உத்தரவில் அப்படித்தான் இருந்தது.

பச்சையம்மா கதவோரம் நின்றிருந்தாள். பல நாளாகத் தெருவில் யாரோடும் பேசாததில் அவள் குரல் கட்டைக் குரலாகியிருந்தது.

"போ. போவலன்னாலும் போனேன்னுதான் சொல்லப் போறாங்க."

ஆரஞ்சு நிறச் சட்டை கொடுத்தார்கள், சிவப்புக் கொடி கொடுத்தார்கள், வாக்கிடாக்கி கொடுத்தார்கள். கேபிள் கப்பல் தூரத்தில், ஒரு வீட்டைப் பெயர்த்துவைத்த மாதிரி வெள்ளையாக நின்றது. காவல் படகை ஓட்டக் காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து வேறு ஆள். முனிகிருஷ்ணனுக்கு முன்னால் நின்று பார்ப்பதுதான் வேலை.

பாரின் தெற்கு விளிம்பில் ஒரு ஃபைபர் படகு கல் வலையை இறக்கிக்கொண்டிருந்தது. கிட்டே போனபோது அது அரசப்பன் படகு என்று தெரிந்தது. அவர் மகனும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். எல்லோரும் முனிகிருஷ்ணனோடு ஒன்றாகக் கடலில் இறங்கி வளர்ந்தவர்கள். காவல் படகு மோட்டாரை அணைத்தது. அலையில் இரண்டு படகும் ஏறி இறங்கின.

"மாமா, வலைய எடுத்துடு" என்றான்.

அரசப்பன் நிமிர்ந்து பார்த்தார். கொடியைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார். மீன்வளத் துறை ஆட்களிடமும் கரையோரக் காவல் போலீசிடமும் பேசுகிற குரல் ஒன்று அவருக்கு உண்டு. தணிந்த, எதுவும் ஒட்டாத குரல்.

"எடுத்துடறோம் சார்."

மற்றவர்களும் சிரிக்கவில்லை. வலையை மேலே இழுத்தார்கள். கல் ஒவ்வொன்றாகப் படகு விளிம்பில் மோதி உள்ளே விழுந்தது. பாதி வலை வரை வெறும் பாசிதான் வந்தது. முழுவதும் ஏறும் வரை அங்கேயே நின்று பார்க்க வேண்டும், பிறகு படகு நம்பரைக் கப்பலுக்குச் சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. அவன் நின்றான். அவர்கள் கரையைப் பார்த்துத் திரும்பிய பிறகு வாக்கிடாக்கியை வாய்க்கருகே கொண்டுபோய் நம்பரைச் சொன்னான். சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார்கள். சொன்னான்.