முப்பது நாளில் கழியாதது

1

முப்பத்தேழாயிரத்து ஐந்நூறு. என்னோடு கட்டடத்தில் கம்பி கட்டுகிற கம்பிக்காரன் தன் மகளுக்குக் கட்ட வேண்டிய ஜீவனாம்சப் பாக்கி. மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு என்று நீதிமன்றம் போட்ட உத்தரவு. பதினைந்து மாதம் கட்டவில்லை.

இந்தக் கதை அந்தத் தொகையில் பிறந்தது என்றுதான் முதலில் எழுதினேன். பொய். என் வாயில் பிறந்தது.

(நான் கட்டட வேலையில் கலவை போடுகிறவன். நாற்பத்தொரு வயதில், சங்க அலுவலகத்து மாலை வகுப்பில் எழுத்துக் கற்றேன். கூட வேலை செய்கிறவர்கள் கேலியாக வாத்தியார் என்பார்கள். ஆனாலும் யாருக்குக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு. இந்த வரியை மூன்று முறை அடித்தேன். இருந்துவிட்டுப் போகட்டும்.)

2

"கம்பிக்காரன் பொறுப்பில்லாத தகப்பன். குடித்தே..."

இல்லை. அவன் குடிப்பதில்லை. கட்டடம் பாதியில் நின்றபோது கூலியும் நின்றது. ஒரு மாதம் தவறினால் அடுத்த மாதம் முகம் காட்டக் கூசும். கூசிக் கூசியே பதினைந்து.

நீதிமன்றக் காகிதம் வந்த அன்று அவனிடம் பணம் இருந்தது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன். பைக்கை விற்ற நாற்பதாயிரம், பிளாஸ்டிக் பையில் சுற்றி, சாப்பாட்டுத் தூக்குக்குள்.

காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். பாக்கி முழுவதையும் கட்ட வேண்டும். தவறினால் ஒரு மாதச் சிறை.

"அப்ப உள்ள இருந்தா கழிஞ்சிடுமாண்ணே?"

எங்கள் வேலையில் காண்ட்ராக்டரிடம் முன்பணம் வாங்குவோம். பிறகு கூலி வாங்காமல் நாள் நாளாக உழைத்துக் கழிப்போம். கைநாட்டு வைத்த காலத்திலிருந்து எனக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான். தயங்காமல் சொன்னேன்.

"முப்பது நாள்ல நேராயிடும்டா. இந்தக் காச வச்சு காண்ட்ராக்டர் முன்பணத்த அடைச்சிடு. ரெண்டு கடனும் ஒழியும்."

காண்ட்ராக்டர் எண்ணி வாங்கிக்கொண்டு, ஜெயிலுக்குப் போகிறவன் கடனை அடைத்துவிட்டுப் போவதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்.

3

"இருள் சூழ்ந்த சிறைக்கொட்டடியில் அவன்..."

எனக்கென்ன தெரியும்? போனவன் அவன்.

வெளியே வந்த மறுநாள், கடன் தீர்ந்ததற்கு ரசீது வாங்க இருவரும் நீதிமன்றத்துக்குப் போனோம். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தான். குமாஸ்தா கோப்பைப் புரட்டி, "நாப்பதாயிரம்" என்றார்.

முப்பது நாள் உள்ளே இருந்துவிட்டானே ஐயா என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன்.

"அது கட்டாததுக்குத் தண்டனைப்பா. காசு அப்படியே நிக்குது. உள்ள இருந்த மாசத்துக்கும் சேத்துத்தான் நாப்பது."

கம்பிக்காரன் என்னைத் திரும்பிப் பார்த்தான். (இந்த இடத்துக்கு மூன்று உவமை எழுதினேன். மூன்றையும் அடித்துவிட்டேன்.) கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை. நான் இன்னொரு முறை படித்து வேறு மாதிரிச் சொல்வேன் என்று காத்திருப்பவன்போலப் பார்த்தான்.

சுவரோரப் பெஞ்சில் அவன் மகளின் தாய் இருந்தாள். பணம் வந்ததா என்று கேட்க, தையல் ஆலையில் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவள். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"நீங்க உள்ள இருந்த முப்பது நாளும் அவ மூணு வேளை சாப்பிட்டா. அது எந்த நாள்லங்க கழியும்?"

இந்தக் கதையில் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன், அந்தப் பிள்ளையின் வயதை எழுதினேனா? நீங்களாவது கவனித்தீர்களா? பதினைந்து மாதமும் அவனும் நானும் பாக்கியைப் பேசினோம், பிள்ளையைப் பேசவில்லை. இப்போது விசாரித்து எழுதுகிறேன்: அன்றைக்கு அவளுக்கு ஏழு வயது.

4

முடிவு ஒன்று: தாய் மனமிரங்கிப் பாக்கியைத் தள்ளுபடி செய்கிறாள். எழுதிவிட்டு வெட்கப்பட்டேன். அவள் பணத்தை எடுத்து நான் தாராளம் காட்டுகிறேன்.

முடிவு இரண்டு: தப்பான யோசனை சொன்ன நான் என் சேமிப்பை எடுத்து... எந்தச் சேமிப்பை?

நடந்தது இது. அவன் கூலியிலிருந்தே பிடித்துக் கட்டும்படி நீதிபதி காண்ட்ராக்டருக்கு உத்தரவு போட்டார். மாதத் தொகையும் போயிற்று, பாக்கியிலும் ஒரு பங்கு போயிற்று. இரண்டு வருடம். அந்த இரண்டு வருடமும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டான். ஆனால் ஒரு காகிதத்தைக்கூட, ஒரு மருந்துச்சீட்டைக்கூட, என்னிடம் படிக்கக் கொடுக்கவில்லை.

போன வாரம் பாக்கியின் கடைசித் தவணை. "வாங்கண்ணே, கோர்ட்டுல ரசீது வாங்கப் போயிட்டு வரலாம்" என்று அவனாகவே கூப்பிட்டான். ஏன் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

குமாஸ்தா முத்திரை குத்தி ரசீதை நீட்டினார். அதை வாங்கிய கம்பிக்காரனுக்குப் படிக்கத் தெரியாது. அவனுக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம், பெஞ்சில், பள்ளி உடுப்போடு அவன் மகள். இப்போது ஒன்பது வயது.

ரசீதில் 'பாக்கி இல்லை' என்று இருந்தது. அதை யாரிடம் படிக்கக் கொடுத்தான் என்று நான் எழுதப் போவதில்லை. நீங்களே கொடுங்கள்.