ஹாக்பிட் போட்ட ஒரு சத்தம்

டென்சில் ட்ரெக்ளோன் எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வான். லோமன் என்ற கப்பலை மட்டும் அவனால் கண்கொண்டு பார்க்க முடியாது. அட்லாண்டிக்கில் அலை கொஞ்சம் எழும்பினால் போதும், அவன் இருந்த ஹாக்பிட் என்ற குட்டைப் போர்க்கப்பல், ஒரு கார்வெட், குடிகாரன் மாதிரி இரண்டு பக்கமும் சாயும். தட்டிலிருக்கும் கறி மடிக்கு வரும். கூப்பிடு தூரத்தில் அந்தப் புது ஃப்ரிகேட் லோமன், நீண்ட உடம்பும் இரண்டு உந்துவிசிறிகளுமாகத் தண்ணீரை வெட்டிக்கொண்டு போகும். கார்வெட்டுகளில் இடுப்பொடிந்தவர்கள் முறையிட்டதால்தான் ஃப்ரிகேட்டை அவ்வளவு நீளமாகக் கட்டினார்களாம். முறையிட்டவன் ஒருவன், ஏறி உட்கார்ந்தவன் இன்னொருவன்.

“என்ன மச்சான், பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி வச்ச கண்ணு வாங்காம பாக்குற?” என்றான் பெர்ஸி. பின்தளத்தில் ஆழ்குண்டுப் பீப்பாய்களைத் தள்ளிவிடுகிறவன் அவன். “அங்க தெனமும் புது ரொட்டி சுடுறாங்களாம். நம்ம ரொட்டியப் பாரு, பச்சையா தாடி வளர்ந்து நிக்குது.”

“போடா, வேலையப் பாரு.”

ரொட்டி கிடக்கட்டும். டென்சிலின் வயிறு எரிந்தது கிளெம் ஹாஸ்கிங்கை நினைத்து. இருவரும் கார்ன்வாலில் ஒரே மீன்பிடி ஊர்க்காரர்கள். ஹாக்பிட்டில் அஸ்டிக் என்ற ஒலிக்கருவி இருக்கும் அறையில் ஒன்றாக உட்கார்ந்தவர்கள். தண்ணீருக்குள் ‘டிங்’ என்று ஒரு சத்தத்தை அனுப்பி, எதிரி நீர்மூழ்கியில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பிடிக்க வேண்டும், அதுதான் வேலை. டென்சிலின் காதுக்குப் பக்கத்தில் கிளெமின் காது நிற்காது. திமிங்கிலத்தை நீர்மூழ்கி என்று கத்திக் கப்பலையே கூட்டியவன் கிளெம். அப்படியிருந்தும் ஹாக்பிட்டின் கேப்டனாக இருந்த ரட்லெஜ் லோமனுக்கு மாறியபோது, கூடக் கூட்டிப்போனது கிளெமைத்தான். ஏன் என்று அவர் சொல்லவில்லை. கேட்கிற உரிமை டென்சிலுக்கு இல்லை. அன்றிலிருந்து அவனுக்குச் சாப்பாடு செரிக்கவில்லை.

அன்று மத்தியானம் எதிரொலியை முதலில் பிடித்தவன் டென்சில். சுத்தமான எதிரொலி, நீர்மூழ்கியேதான். அவன் முகம் மலர்ந்து முடிவதற்குள் இரண்டு கப்பலுக்கும் இப்போது தலைமையான ரட்லெஜின் உத்தரவு லோமனிலிருந்து வானொலியில் வந்தது. பதுங்கித் தாக்கப் போகிறார்கள். லோமன் தூரத்தில் நின்று டிங் டிங் என்று குறியைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஹாக்பிட் தன் அஸ்டிக்கின் வாயை மூடிக்கொண்டு, மெல்ல ஊர்ந்து நீர்மூழ்கியின் தலைக்கு மேல் போய், லோமன் சொல்லும் நொடியில் குண்டுகளைக் கொட்ட வேண்டும். தலைக்கு மேல் ஒரு கப்பல் வருகிறது என்பதே கீழே இருப்பவர்களுக்குத் தெரியக்கூடாது. இருட்டுவதற்குள் இதை முடிக்காவிட்டால் அது மேலே வந்து இவர்கள் காவல் காத்துவரும் சரக்குக் கப்பல்களை வேட்டையாடும்.

“உங்களுக்கு ஒத்த விசிறி, மெதுவா வந்தா சத்தமே இருக்காது,” என்று ரட்லெஜ் விளக்கினார். லோமனுக்குக் காது, ஹாக்பிட்டுக்குக் கூலி வேலை என்று டென்சிலுக்குப் பட்டது.

ஹாக்பிட் ஊர்ந்தது. மேல்தளத்து ஒலிபெருக்கியில் ரட்லெஜின் குரல் அஸ்டிக் அறைவரை கேட்டது.

“கொஞ்சம் எடது பக்கம். ஹாஸ்கிங் சொல்றான், அப்படியே வாங்க.”

ஹாஸ்கிங் சொல்றான். ஹாஸ்கிங் சொல்றான். ஒவ்வொரு முறையும் டென்சிலுக்கு உச்சந்தலையில் மிளகாய் அரைத்த மாதிரி இருந்தது. இடதா? வலது பக்கம் அல்லவா இருக்க வேண்டும்? மறுபடி திமிங்கிலத்தைப் பிடித்துத் தொங்குகிறானோ? கப்பலைக் காப்பாற்றத்தான் இதைச் செய்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கை அஸ்டிக்கின் விசையில் இருந்தது. ஒரே ஒரு முறை அழுத்தினான்.

டிங்.

எதிரொலி வந்தது. இம்மி பிசகாமல், கிளெம் சொன்ன அதே இடத்திலிருந்து.

அடுத்த நொடியே நீர்மூழ்கி சடாரென்று திரும்பி ஓடியது. பெர்ஸி தள்ளிய குண்டுகள் வெறும் தண்ணீரைக் கிளப்பின.

“ஹாக்பிட், உங்க அஸ்டிக் சத்தம் போட்டுச்சா?” ரட்லெஜின் குரல் கத்தி மாதிரி வந்தது. டென்சில் விசையிலிருந்து கையை எடுத்தான். ஹாக்பிட்டின் புதுக் கேப்டன் கீழே கேட்பதற்குள் ரட்லெஜே மறுபடி பேசினார். “சரி, விடுங்க. ஹாஸ்கிங் ஒரு சத்தமும் கேக்கலைங்கறான். அது தானாத்தான் திரும்பியிருக்கு.”

குறி மறுபடி கிடைக்கவில்லை. இருட்டியதும் அந்த நீர்மூழ்கி கோதுமை ஏற்றிவந்த கப்பல் ஒன்றைப் பிளந்தது. தண்ணீரில் கிடந்தவர்களில் பாதிப் பேரைத்தான் லோமனால் தூக்க முடிந்தது.

டெரி துறைமுகத்தில் கப்பல்களைக் கட்டியபின், உச்சிவேளையில் ஆளுக்கு ஒரு கோப்பை ரம் ஊற்றும் நேரத்தில் கிளெம் ஹாக்பிட்டுக்கு வந்தான். சின்ன உதவி செய்தவனுக்குத் தன் கோப்பையில் ஒரு வாய் கொடுப்பது கப்பல் வழக்கம். உயிரைக் காத்தவனுக்கு முழுக் கோப்பை. டென்சில் முழுக் கோப்பையையும் அவன் பக்கம் தள்ளினான்.

“நீதான் அழுத்தினேன்னு எனக்குத் தெரியும்டா,” என்றான் கிளெம் தாழ்ந்த குரலில். “நீ அழுத்துற விதம் எனக்குத் தெரியாதா?”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“காரணம் இல்லாம நீ அழுத்த மாட்ட. ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. எதிரொலி எங்க கேட்டுச்சு? நான் சொன்ன எடத்துலயா?”

அவன் கண்கள் குழிவிழுந்திருந்தன. தூங்காதவனின் முகம். டென்சில் அந்த முகத்தைப் பார்த்தான்; அதற்குப் பின்னால் சன்னல் வழியாகத் தெரிந்த லோமனையும் பார்த்தான்.

“கொஞ்சம் வலது பக்கம்,” என்றான்.

கிளெம் மெல்லத் தலையாட்டினான். “நெனச்சேன். நான் தப்பா சொன்னதாலதான் நீ அழுத்தியிருக்க. அந்தக் கோதுமைக் கப்பல்காரங்க என்னாலதான் செத்தாங்க.” கோப்பையில் உதடுகூட வைக்காமல் திருப்பித் தள்ளினான். “கேப்டன்கிட்ட சொல்லி இந்த வேலைய விட்டுடறேன். ஒன்ன எடுத்துக்கச் சொல்றேன். இதுக்கு ஒன் காதுதான் லாயக்கு.”

எழுந்து ஏணியை நோக்கி நடந்தான். டென்சில் வாயைத் திறந்தான். மூடியிருக்க வேண்டிய நேரத்தில் சத்தம் போட்டவனுக்கு இப்போது ஒரு சத்தமும் வரவில்லை. கிளெமின் பூட்ஸ் ஒலி மேல்தளத்தில் தேய்ந்து மறைந்தது.

“லோமனுக்கா மச்சான்? அடிச்சதடா யோகம்!” என்று, கடைசிப் பேச்சை மட்டும் காதில் வாங்கிய பெர்ஸி முதுகில் ஓங்கித் தட்டினான். “புது ரொட்டி கெடைக்கும். எங்களையும் கொஞ்சம் நெனச்சுக்க.”

முழுக் கோப்பையும் டென்சிலின் முன்னால் அப்படியே இருந்தது.