சகோதரர் மூக்கையாவின் கேள்வி

ஞானம்மா கணவனின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துத் துணிநாடாவால் கட்டிக்கொண்டிருந்தாள். கை இங்கே இருந்தது. காது வெளியே மேட்டுப் பாதையில் இருந்தது. தபால்காரன் வேலப்பன் வட்டக்கானலுக்கு இறங்கி வர எப்படியும் பதினொரு மணி ஆகும். அடக்கம் ஒரு மணிக்கு. இன்றைக்கு ஒரு நாள் அவன் வராமல் இருக்க வேண்டும். மழை கொட்டட்டும், அவனுக்குக் காய்ச்சல் வரட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். புருஷனின் காலைப் பிடித்துக்கொண்டு அடுத்தவனுக்குக் காய்ச்சல் கேட்கிற ஜெபம் எங்கே ஏறப்போகிறது என்றும் தோன்றியது.

மூக்கையா முந்தாநாள் விடியற்காலையில் வெள்ளகவி கிராமத்துக்கு அரிசி மூட்டை சுமந்து போனவன். மத்தியானம் ஒற்றையடிப் பாதைக்குக் கீழே, பாறை இடுக்கில் கிடந்தவனை வெள்ளகவி ஆட்கள் தூக்கி வந்தார்கள். மூடுபனியில் வழுக்கி விழுந்ததாகப் போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். ஆஸ்பத்திரியிலும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். முற்றத்தில் நின்ற சபைக்காரர்கள்தான் விடவில்லை. ஒன்பது வருஷமாக நடந்த பாதை, கண்ணைக் கட்டிவிட்டாலும் போவானே, எப்படி விழுந்தான் என்றார் ஒருவர். ரெண்டு பிள்ளையும் தங்கவில்லை, மனசு விட்டுப்போயிருக்கும் என்றார் இன்னொருவர்.

அவன் தலைக்கு மேலே சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் தொங்கியது. சகோ. எம். மூக்கையா, தபால் வழி வேதபாடம், முதல் வகுப்பு. மூக்கையாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, ஏழு வயதில் வேலைக்குப் போனவன். அதே லயத்தில் ஐந்தாவது வரை படித்தவள் ஞானம்மாதான். கப்பலேறி இங்கே வந்து சபையில் சேர்ந்த பிறகு, ஒரு கூட்டத்தில் வேதபாடத்துக்குப் பேர் கொடுக்கச் சொன்னார்கள். ஆண்கள் கை தூக்கினார்கள், இவனும் தூக்கிவிட்டான். தூக்கிய கையை இறக்க வெட்கம். அப்புறம் என்ன, பாடத்தை அவள் வாசிப்பாள், அவன் அடுப்பு முன்னால் உட்கார்ந்து கேட்பான். விடைத்தாளை அவள் எழுதுவாள், அவன் கொண்டுபோய்ப் பெட்டியில் போடுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் மனுஷனின் மகன் காயீனுக்குப் பெண்டாட்டி எங்கிருந்து வந்தாள் என்று கேட்டு, சபை நடத்தும் உபதேசியாரையே திணற வைத்தான். அன்றிலிருந்து சபையில் அவனுக்கு முன்வரிசைப் பாய்தான்.

ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் சந்தேகம் கேட்க மூன்று வரி விட்டிருப்பார்கள். இரண்டாவது பிள்ளையையும் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்த பிறகு, ஒரு சாயங்காலம் ஞானம்மா அந்த மூன்று வரியையும் நிரப்பினாள். தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டவர் பரலோகம் போவாரா? போனால் அங்கே தன் பிள்ளைகளைப் பார்க்க முடியுமா? கீழே வழக்கம்போல சகோ. எம். மூக்கையா என்று எழுதினாள். அது நடந்து இருபது நாள் ஆகிறது. பாடம் கவரில் வரும். சந்தேகத்துக்குப் பதில் கார்டில் வரும், ஊரே படிக்கும்படி.

அந்தக் கார்டு இன்றைக்கு வந்தால், அவனே கேட்டதாக நினைத்து, அவனைக் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியேதான் வைப்பார்கள். போன வருஷம் பேரிக்காய்த் தோட்டத்தில் தூக்குப் போட்டுக்கொண்ட ஆள் ஒருவனை அப்படித்தான் வைத்தார்கள். ஜெபமும் இல்லை, பாட்டும் இல்லை, நான்கு பேர் மண்ணைத் தள்ளிவிட்டு வந்தார்கள். இரண்டு பிள்ளைகளும் வேலிக்கு உள்ளே இருக்கிறார்கள். அவன் வெளியே கிடப்பதை நினைத்ததும் நாடாவின் முடிச்சு விழவில்லை.

பக்கத்து வீட்டு அமிர்தவல்லி வந்து முடிச்சைப் போட்டாள். இவள் வேறு. இந்த இருபது நாளாகத் தம்ளரைத் தூக்கிக்கொண்டு காலையும் சாயங்காலமும் வந்துவிடுகிறாள். ஒரு நாள் சீனி, ஒரு நாள் உப்பு. வாங்கினால் லேசில் போகவும் மாட்டாள், உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவாள். அவள் முகத்தைப் பார்த்தாலே ஞானம்மாவுக்கு எரிச்சல் வரும்.

மழையும் வரவில்லை, காய்ச்சலும் வரவில்லை. வேலப்பன் வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றவனின் கையில் ஒரே ஒரு கார்டு இருந்தது. மூக்கையாவின் அண்ணன் சுப்பையா கையை நீட்டினார். வேலப்பன் கொடுக்காமல் தயங்கினான். மதினியிடம் கொடுக்க வேண்டியது என்று முனகினான். செத்தவன் பேருக்கு வந்ததை அவளிடம் இப்போது எதற்கு என்று சுப்பையா அதைப் பிடுங்கி, படிக்கத் தெரிந்தவர் என்று உபதேசியாரிடம் நீட்டினார். சவத்தின் பக்கத்திலிருந்து ஞானம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை.

உபதேசியார் ஒரு தரம் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். கார்டை வேதப்புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, சுப்பையாவையும் இரண்டு மூப்பர்களையும் சுவரோரம் கூட்டிப் போனார். தாழ்ந்த குரலில்தான் வாசித்தார். ஆனாலும் அவளுக்கு ஒரு சொல் தப்பாமல் கேட்டது.

"அன்புள்ள சகோதரர் மூக்கையா, தற்கொலையைப் பற்றிய தங்கள் கேள்வி கிடைத்தது. இதை உங்களுக்காகவே கேட்கிறீர்களா? அப்படியானால் இன்றைக்கே உங்கள் வீட்டாரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். விரிவான பதில் பின்னால் வரும்."

சுப்பையா தோள்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். உபதேசியாரின் கண் கலங்கியிருந்தது. கெட்ட மனுஷர் இல்லை அவர். மூக்கையாவின் மேல் அவருக்குப் பிரியம் உண்டு. போலீஸ் எழுதியதை வைத்துச் சபையின் சட்டத்தை மாற்ற முடியாது, மேலிடத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டும் என்றார். குழியை வேலிக்கு அந்தப் பக்கம் மாற்றச் சொல்லி ஒருவரை அனுப்பினார்.

அப்போதுதான் ஞானம்மா எழுந்தாள். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சாகத் துணிந்தவள் என்று ஊர் காலத்துக்கும் அவளைப் பார்க்கும். அதைவிட, முன் பாயில் உட்கார்ந்தவன் கைநாட்டு என்று அவன் பிணத்தின் முன்னாலேயே தெரிந்துபோகும். சொல்லாமல் இருந்தால் அவன் வெளியே கிடப்பான்.

"ஐயா, அந்தக் கேள்வி அவரு கேட்டதில்லீங்க. நான் எழுதுனது. எனக்காகத்தான் எழுதுனேன். அவருக்குப் பேரு எழுதக்கூடத் தெரியாது."

உபதேசியார் சுவரிலிருந்த சான்றிதழைப் பார்த்தார். புருஷனைக் காப்பாற்ற நீ பொய் சொல்கிறாய் அம்மா என்றார், கோபமில்லாமல்.

"பொய்யில்லீங்க," என்றான் வேலப்பன். அவன் இன்னும் வாசலைவிட்டுப் போகாமல் நின்றிருந்தான். "அந்தக் கவரு ஒட்டாமக் கெடந்துச்சு. பெட்டியில போடுறதுக்கு முன்னாடி அண்ணன் எங்கிட்டக் குடுத்து, எம் பொண்டாட்டி என்னமோ சரியில்ல, இதுல என்ன எழுதியிருக்கா வாசிச்சுச் சொல்லுன்னாரு. நான் வாசிச்சேன். அப்படியே படியில உக்காந்துட்டாரு. யாருட்டயும் சொல்லாத, நான் பாத்துக்கிறேன்னு சொல்லித்தான் ஒட்டிப் போடச் சொன்னாரு."

உபதேசியார் கார்டை எடுத்து ஞானம்மாவின் கையில் வைத்தார். குழியை உள்ளேயே, பிள்ளைகளின் பக்கத்திலேயே வெட்டச் சொன்னார். பிறகு தயங்கி, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"காயீன் பொண்டாட்டி கேள்வியும் நீ எழுதிக் குடுத்ததுதானாம்மா?"

"இல்லீங்கய்யா. அது அவராக் கேட்டது."

உபதேசியார் தலையாட்டிவிட்டு, மூக்கையாவின் பக்கத்தில் போய் நின்றார்.

அடக்கம் முடிந்தது. பாட்டும் பாடினார்கள், ஜெபமும் பண்ணினார்கள். ஞானம்மாவின் பயம் மட்டும் தீரவில்லை. வேறு உருவம் எடுத்துக்கொண்டது. அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் தெரிந்துகொண்டே அடுப்பு முன்னால் உட்கார்ந்து பாடம் கேட்டிருக்கிறான். அந்தப் பாரத்தோடுதான் பாதையில் இறங்கினானா? வழுக்கித்தான் விழுந்தானா, அல்லது அவள் கேட்ட கேள்வி அவன் காலைப் பிடித்து இழுத்ததா? இதை எந்தத் தபாலில் எழுதிக் கேட்பது? ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சுப்பையா சவப்பெட்டிப் பலகைக்காரனுக்குக் காசு கொடுக்கப் போனார். வாசலில் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. அவள் அடுப்பு அணைந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

அமிர்தவல்லி வந்தாள். கையில் அதே தம்ளர்.

"கொஞ்சம் சீனி இருந்தாக் குடேன்," என்றாள்.

சாவு வீட்டில் யாராவது சீனி கேட்பார்களா? ஞானம்மா அந்தத் தம்ளரையே பார்த்தாள். இருபது நாள். காலையும் சாயங்காலமும்.

"அவரு சொல்லித்தான் வந்துக்கிட்டு இருந்தியா?"

அமிர்தவல்லி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"முந்தாநாளு வெள்ளனே போறப்பவும் கதவத் தட்டிச் சொல்லிட்டுத்தான் போனாரு. நான் இருட்டுறதுக்குள்ள வெரசா வந்துருவேன், அதுவரைக்கும் ரெண்டு தரம் எட்டிப் பாத்துக்கன்னு."

வந்துருவேன் என்று சொல்லியிருக்கிறான். ஞானம்மா அந்தச் சொல்லை வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அழுது ஓய்ந்து, எழுந்துபோய்ச் சீனி டப்பாவைத் திறந்தாள். வந்தவர்களுக்குக் காப்பி போட்டதில் தீர்ந்துபோய், அடியில் ஒட்டியிருந்தது மட்டும்தான் மிச்சம். அதைக் கரண்டியால் சுரண்டித் தம்ளரில் போட்டு அமிர்தவல்லியிடம் நீட்டினாள். பிறகு பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.