தூதருக்கு வந்த வயிற்றுவலி

தீர்மானத்தில் 'தேவையான எல்லா நடவடிக்கைகளும்' என்று எழுதியிருந்தது. அதற்கு விமானத் தாக்குதல் என்றுதான் அர்த்தம் என்பது, கெய்ரோவில் நடந்த பல நாட்டுக் கூட்டத்தில் நீள்மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த தூதர்கள் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் காலையிலிருந்து சண்டை போட்டதோ, முதல் வரியில் 'வருத்தத்துடன்' போதுமா, 'ஆழ்ந்த வருத்தத்துடன்' வேண்டுமா என்பதற்காகத்தான்.

துணைத் தூதர் ரீம் பெல்காதி, தன் தூதர் முன்ஸிஃபுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். தாக்கப்படப்போகிற நாட்டில் சில வருஷம் வேலை பார்த்தவள். மேசையில் விரித்திருந்த வரைபடத்தில் குண்டு போட வேண்டிய இடமென்று சிவப்பு வட்டம் போட்ட இடத்தில் மாவு ஆலையும், அதை ஒட்டிக் குடியிருப்புகளும் இருப்பதாக அவள் சொல்லிப் பார்த்தாள்.

"மாவு கிடைக்கலன்னா சோறு தின்னட்டும்," என்றார் எதிரே இருந்த பிரதிநிதி. பாகில் ஊறிய பஸ்பூஸா இனிப்பை மென்றுகொண்டே சொன்னார். விரலில் வழிந்த பாகைத் தீர்மானத்தின் ஓரத்திலேயே துடைத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

வாக்கெடுப்பு நெருங்கியதும் முன்ஸிஃப் எழுந்தார்.

"வயிறு வலிக்குதும்மா. நீயே கையைத் தூக்கிடு. ஆதரிக்கணும்னு உத்தரவு வந்தாச்சு."

"காலையில நல்லாத்தானே இருந்தீங்க?"

"நாளைக்கு இது ஏடாகூடமாப் போச்சுன்னா போட்டோல என் மூஞ்சி இருக்கக் கூடாது. உனக்கென்ன, சின்ன வயசு, சமாளிச்சுக்குவ."

ரீம் அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். அவள் மேசையில் வைத்திருந்த கையை எடுக்கவில்லை. எண்ணிப் பார்த்ததில் தீர்மானம் நிறைவேற ஒரு வாக்கு குறைந்தது. தலைவர் உடனே தேநீர் இடைவேளை அறிவித்தார். மறுபடியும் வாக்கெடுப்பாம்.

முன்ஸிஃப் ஓட்டமும் நடையுமாக வந்தார். முகத்தில் வலியே இல்லை.

"பைத்தியமா உனக்கு? எழுந்திரு."

"உட்காருங்க. உங்க கையாலயே செய்ங்க."

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தாழ்வாரத்தில் நடக்கும்போதே உள்ளிருந்து கைதட்டல் கேட்டது.

அந்த வாரமே குண்டு விழுந்தது. மாவு ஆலை வளாகம் தரைமட்டமானது. ரீமை ஊருக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் வேலை நிலைக்கும் என்றார் விசாரணை அதிகாரி.

"யார்கிட்ட மன்னிப்பு கேக்கணும்?" என்றாள்.

அவர் கோப்பைப் புரட்டினார். ரீம் அடையாள அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனாள்.